கோடவாயக் கடலடியில்

இலங்கையின் தென்கரையில், அம்பாந்தோட்டைக்கு மேற்கே உள்ள சிற்றூர் கோடவாய. சிலப்பதிகாரத்துக் கயவாகு என அறிஞர் பலர் கொள்ளும் முதலாம் கஜபாகு, அத்துறையின் சுங்க வருவாயை விகாரைக்கு அளித்ததாகக் கூறும் கல்வெட்டு அங்குண்டு. துறை இருந்ததைக் கல் சொல்லிற்று. அங்கு வந்த கலம் எதை ஏற்றி வந்தது? அதற்கு விடை கடலடியில் கிடந்தது. 2003இல் முக்குளிப்போர் கண்ணில் அது பட்டது.

ஆழம் ஏறத்தாழ 33 மீட்டர். இதுவும் ஓர் ஆழமா என்று கோலார் தங்கவயல் நண்பர் சிரிக்கக்கூடும். 2001இல் மூடப்பட்ட சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியதன்றோ! ஆனால் கடலில் பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அவ்வழுத்தத்தில் குருதியிற் கரைந்த நைட்ரசன், விரைந்து மேலேறினால் குமிழியாகி உயிரையே வாங்கிவிடும். ஆகவே அடியில் சில நிமிட வேலை. பின் மெல்ல மெல்ல ஏற்றம். 2012 முதல் 2014 வரை, வலிய நீரோட்டத்தினிடையே, இலங்கை, அமெரிக்க, பிரெஞ்சு ஆய்வாளர்கள் இவ்வாறே அகழ்ந்தனர்.

கண்ணாடிக் கட்டிகள், இரும்பு, செம்பு, மட்பாண்டம், அரைகற்கள் ஆகியவை கிடைத்தன. கலம் ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழைமையது. இந்துமாக்கடலில் இதுவரை அறியப்பட்டவற்றுள் இதுவே மூத்தது என்பர்.

கல்லொன்றில் மீன் உருவம் உள்ளது. உடனே பாண்டியன் கலம் என்று முழங்க நம் நா துடிக்கும். பொறுங்கள். அதனருகே ஸ்ரீவத்சமும் நந்திபாதமும் உள. அவை இந்தியாவெங்கும் பழங்காசுகளிற் காண்பவை. கண்ணாடி எந்த உலையில் உருகியது என்பதை அதன் வேதியியல் கூறும். அதன் உரிமையாளர் பேசிய மொழியைக் கூறாது.