சிறைவாசலில் நிற்கும் பிள்ளை



2018 மார்ச்சில் கிளிநொச்சியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆயுள் தண்டனை பெற்ற அரசியற் கைதி ஒருவர், மனைவியின் இறுதிச் சடங்கிற்காக மூன்று மணி நேரம் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் திரும்புகையில், சிறுமகளும் அப்பாவின் பின்னாலேயே சிறைச்சாலை வாகனத்தில் ஏறிவிட்டாள்.

குற்றவாளி தண்டனை பெறட்டும். பிள்ளைக்கு எதற்குத் தண்டனை? சிறையிலுள்ள தகப்பனைப் பார்ப்பது அதிகாரிகள் இடும் பிச்சை என்றே நம்மிற் பலர் நினைக்கிறோம். அது பிள்ளையின் உரிமை. 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை அதைத்தான் சொல்கிறது: பிரிக்கப்பட்ட பிள்ளை, தன் நலனுக்குக் கேடில்லாதவரை, பெற்றோரோடு ஒழுங்காகத் தொடர்பு வைத்திருக்கலாம். இலங்கை 1991இல் இதை ஏற்று உறுதிசெய்தது.

ரொபன் தீவிலே மண்டேலாவின் பிள்ளைகள் 16 வயதாகும்வரை அவரைப் பார்க்க அனுமதியில்லை. 2015இல் ஐ.நா. அவர் பெயரிலேயே ஏற்றுக்கொண்ட விதிகளின்படி, கைதியைத் தண்டிப்பதற்காகக் குடும்பத் தொடர்பை அறவே தடைசெய்யக் கூடாது. பாதுகாப்புக்காகச் சிறிது காலம் கட்டுப்படுத்தலாம், அவ்வளவே.

நமது தோட்டத்துத் தாய்க்கு வேறு கஷ்டமும் உண்டு. ஹட்டனிலிருந்து கண்டி தாண்டிப் பல்லேகலைக்குப் போய்வந்தால் ஒருநாள் பேர் போகும், பஸ் காசும் போகும். வாசலிலே சிங்களத்தில் "இன்றைக்கு இல்லை" என்றால் அழுதுகொண்டு திரும்பிவிடுகிறாள். அப்படித் திரும்பாதீர்கள். காரணத்தைக் கேளுங்கள். மறுத்தவரின் பதவி, திகதி, நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 என்ற இலக்கத்தில் முறையிடலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள்.