மலையேறும் வகுப்பறை

உரைநடை உலகம்

நுழையும்முன்

வினாவும் விடையும் மாறிமாறி நிகழும் இடமே வகுப்பறை. அவ்விடத்தை இணையத்தில் அமைக்க இயலுமா? அமைத்தால், அலைபேசியின் அலைகள் எட்டாத மலையூர் மாணவருக்கும் அது சென்று சேருமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுகிறது இப்பாடம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாற்றின் கரையில் அமைந்த ஊர் கலசப்பாக்கம். அதன் மேற்கே சவ்வாது மலைத்தொடர் விரிந்துள்ளது. அம்மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில், 1986ஆம் ஆண்டு முதல் 2.3 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி இயங்கி வருகிறது. பல ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வரும் விண்மீன் ஒளியை அது ஏற்கிறது. ஆனால், மலைமடிப்பில் உள்ள ஒரு சிற்றூருக்கு, அடிவாரப் பள்ளியிலிருந்து அனுப்பும் பாடம் எளிதில் சென்று சேர்வதில்லை. அலைபேசிக் கோபுரத்துக்கும் கருவிக்கும் இடையே குன்று நின்றால் அலைகள் வலுவிழந்துவிடும். இணையவழிக் கல்வியைப் பற்றிப் பேசுவோர் முதலில் நினைவில் கொள்ள வேண்டிய உண்மை இது.

வானொலியில் பிறந்த வகுப்பு

தொலைவில் வாழும் மாணவரோடு உரையாடும் முயற்சி இணையத்துக்கு முற்பட்டது. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பல கல் தொலைவு. அங்கு வாழ்ந்த சிறுவர்களுக்காக 1951ஆம் ஆண்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வானொலிப் பள்ளி தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் ஆசிரியர் பேச, மாணவர் கேட்டனர். விரைவிலேயே பாடத்தின் இறுதியில் வினா விடைக்கான நேரம் சேர்க்கப்பட்டது. அதன் பின்னரே ஒலிபரப்பு வகுப்பாயிற்று.

அந்நாட்டின் உட்பகுதியில் வளர்ந்து, வானொலிவழிப் பாடம் கற்றவர் மார்ட்டின் டூகியாமாஸ். 2002ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட 'மூடுல்' என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு, ஆசிரியர் எவரும் தம் வகுப்புக்கென ஓர் இணையத்தளத்தை அமைத்துக்கொள்ளலாம். பாடம், வினா, கலந்துரையாடல், ஒப்படைவு ஆகிய நான்கும் அதில் ஒருங்கே அமையும்.

தமிழின் முன்முயற்சி

1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் 'தமிழிணையம் 99' மாநாடு நடைபெற்றது. அதன் பயனாக 2001 பிப்ரவரி 17 அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. தமிழ் இணையக் கல்விக்கழகம் என இன்று வழங்கும் அந்நிறுவனம், அயல்நாடுகளில் வாழும் தமிழ்ச் சிறாருக்கு மழலைக் கல்வி முதல் பட்டம் வரையிலான பாடங்களை இணையத்தில் வழங்கியது. 2018ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் இடம்பெற்றன. அச்சிட்ட பக்கத்திலிருந்து இணையப் பக்கத்துக்குச் செல்ல அவை வழி செய்தன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது அது பாடங்களை வீடுகளுக்குக் கொண்டு சென்றது. எனினும், தொலைக்காட்சி மாணவரின் ஐயத்தைச் செவிமடுக்க இயலாது. 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலர்கள் சிறாரின் இருப்பிடத்துக்கே சென்றனர். கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒருவர் எதிரில் இருத்தலின் தேவையை அத்திட்டம் உணர்த்தியது.

ஊடாடுதல் என்பது யாது?

பாடத்தைப் படமெடுத்துத் தளத்தில் ஏற்றிவிட்டால் அது ஊடாடும் தளமாகிவிடாது. மாணவரின் விடைக்கேற்பத் தளமும் மறுமொழி தருதல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 'மரம் + கிளை' என்பதைச் சேர்த்தெழுதுக என்னும் வினாவுக்கு ஒரு மாணவர் 'மரகிளை' என விடை தருகிறார். 'தவறு' என்று மட்டும் காட்டும் தளம் அவருக்கு எதையும் கற்பிக்கவில்லை. 'மகரம் கெட்டது சரியே. வருமொழி வல்லினத்தில் தொடங்குவதை நோக்குக' என்று காட்டும் தளம், 'மரக்கிளை' என்னும் விடையை அவரே கண்டறியச் செய்கிறது. மற்றொருவர் 'மரங்கிளை' என எழுதினால், 'நிலங்கடந்தான்' என்பதில் மகரம் இனவெழுத்தாகத் திரிவதையும், 'மரத்தின் கிளை' என வேற்றுமைப் பொருள் தரும் இத்தொடரில் அது கெட்டு வல்லினம் மிகுவதையும் ஒப்பிட்டுக் காட்டலாம். ஒவ்வொரு பிழைக்குப் பின்னும் ஒரு சிந்தனை உண்டு. அதனை முன்னுணர்ந்து மறுமொழி எழுதுவது ஆசிரியரின் பணி. கணினி அதனை உரிய நேரத்தில் எடுத்துத் தருகிறது.

எடை குறைந்த பாடம்

ஒருங்குறியில் ஒரு தமிழ்க் குறியீட்டைச் சேமிக்கப் பொதுவாக 3 பைட்டுகள் தேவை. 6,000 குறியீடுகள் கொண்ட ஒரு பாடத்தின் எழுத்துப்பகுதி ஏறத்தாழ 18 கிலோபைட்டு. நொடிக்கு 500 கிலோபிட்டு அளவில் அமைந்த பத்து நிமிடக் காணொலியோ 37.5 மெகாபைட்டு, அஃதாவது, ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு. நொடிக்கு 50 கிலோபிட்டு மட்டுமே கிடைக்கும் இடத்தில் எழுத்துப் பாடம் மூன்று நொடிகளில் வந்துசேரும். காணொலிக்கு 100 நிமிடங்கள் ஆகும். எனவே, தளத்தின் அடிப்படை எழுத்தாக இருத்தல் நலம். படமும் காணொலியும் வேண்டுவோர் தேர்ந்தெடுக்கும் துணைகளாக அமையலாம். ஒருமுறை திறந்த பக்கத்தை இணையம் இல்லாதபோதும் காட்டும் வசதி இருப்பின், பள்ளியில் இறக்கிய பாடத்தை மாணவர் வீட்டில் படிப்பர். எழுத்தைப் படமாக்காமல் ஒருங்குறியிலேயே இடுவதால், பார்வைத்திறன் குறையுடையோரின் திரைபடிப்பானும் அதனை வாசிக்கும்.

பெறுவோர் தருவோராதல்

தளத்தில் மாணவருக்கும் பங்களிக்க இடம் வேண்டும். சவ்வாது மலையில் சாமை விளைகிறது. விதைப்பு முதல் உமி நீக்கல் வரை வழங்கும் சொற்களை மலைவாழ் மாணவர்கள் பெரியோரிடம் கேட்டு, ஒலிப்பதிவு செய்து தளத்தில் ஏற்றினால், சமவெளி மாணவர்கள் அவர்களிடமிருந்து கற்பர். அவ்வாறு பதிவிடுமுன் சொன்னவரின் இசைவைப் பெறுதல் கடமை. மாணவரின் மதிப்பெண், ஒளிப்படம், முகவரி ஆகியவற்றைப் பொதுவெளியில் இடலாகாது. 18 வயது நிறையாதோரின் தனித்தகவல்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு தேவை என 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனித்தகவல் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது.

வெற்றுக் கட்டம் சொல்வது

வகுப்புத் தளம் மாணவரின் விடைகளை அட்டவணையாக்கித் தரும். அதில் ஒரு பெயருக்கு நேரே கட்டம் வெறுமையாக இருக்கலாம். அம்மாணவர் விடை அறியாதவரா? வினாவே சென்றடையாதவரா? கணினிக்கு இரண்டும் ஒன்றே. ஆசிரியருக்கு அவை ஒன்றல்ல. முன்னவருக்கு விளக்கம் தேவை. பின்னவருக்கு அச்சிட்ட தாளோ, நண்பரின் உதவியோ, ஆசிரியரின் வருகையோ தேவை. இவ்வேறுபாட்டை அறியாத தளம், வாய்ப்பற்றவரை அறிவற்றவராகக் கணக்கிட்டுவிடும். கடைசி வரிசை மாணவரையும் கண்டு வினவுவது நல்லாசிரியர் இயல்பு. நாம் அமைக்கும் இணைய வகுப்புக்கும் அவ்வியல்பு வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் கற்ற இலக்கணப் பகுதி ஒன்றுக்குப் பலவுள் தெரிக வினா ஒன்றை உருவாக்குக. ஒவ்வொரு தவறான விடைக்கும் மாணவரைச் சிந்திக்கத் தூண்டும் மறுமொழி எழுதுக.

2. உங்கள் ஊரில் வழங்கும் வேளாண் சொற்கள் பத்தினைத் தொகுத்து, வகுப்புத் தளத்தில் இடுவதற்கேற்ற பக்கமாக வடிவமைக்க.

3. 'இணைய வகுப்பு ஆசிரியருக்கு மாற்றா, துணையா?' என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.