தன்னையறிதலும் தலைமையும்

தலைமைப் பண்பு என்றவுடன் மேடையும் மாலையும் ஒலிபெருக்கியுமே நம் நினைவுக்கு வருகின்றன. பேச்சாற்றல், துணிவு, விடாமுயற்சி எனத் தலைவனுக்குரிய இயல்புகளை அடுக்கிக் கூறும் நூல்களும் பலவுள. அவற்றை மனப்பாடம் செய்தவர் அனைவரும் தலைவராகியிருப்பின், நம் கல்லூரியில் தொண்டர் ஒருவர்கூட எஞ்சியிருக்க மாட்டார்! தன்னைத்தானே ஆராய்ந்து பார்க்கும் பழக்கத்திலிருந்தே தலைமை முளைக்கிறது என்பது என் கருத்து. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

எங்கள் பனமரத்துப்பட்டி ஏரி, சேலம் நகருக்குக் குடிநீர் தருவதற்காக 1911இல் அமைக்கப்பட்டது. சில ஆண்டுகளில், 1917இல், அந்நகராட்சியின் தலைவர் பொறுப்பை ஏற்றார் இராஜாஜி. அப்போது அவர் சேலத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞர். அக்கிரகாரத்தில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடும் வேலைக்குத் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவரை அவர் அமர்த்தினார் என்றும், தெருவினர் எதிர்த்தபோது இணங்க மறுத்தார் என்றும் சேலத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. எதிர்த்தவர்கள் அவருடைய சொந்த சாதியினர் என்பதை நாம் கருத வேண்டும். ஊரார் குறையைக் கண்டிக்க எவராலும் முடியும். தான் பிறந்து வளர்ந்த வட்டத்தின் குறையில் தனக்கும் பங்குண்டு என்று காண்பவர் சிலரே.

1921 டிசம்பரில் அவர் சிறை சென்றார். வேலூர்ச் சிறையில் கழித்த மூன்று மாதங்களிலும் நாட்குறிப்பு எழுதினார். உடல்நலம், உணவு, உடனிருந்த கைதிகள் எனச் சிறிய செய்திகளே அதில் மிகுதி. ஆயினும் 1922 ஜனவரியில் எழுதிய ஒரு குறிப்பு நம்மைத் திடுக்கிட வைக்கிறது. விடுதலை கிடைத்தபின் தேர்தல் ஊழலும், பணத்தின் ஆதிக்கமும், நிர்வாகச் சீர்கேடும் மக்களை வாட்டும் என்று அதில் அவர் கூறுகிறார். விடுதலைக்காகச் சிறையிலிருப்பவர், தம் தரப்பின் வருங்காலக் குற்றங்களை முன்கூட்டியே கணக்கெடுக்கிறார்! தன்னாராய்ச்சி என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் கண்டதில்லை.

1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, வசதியான வாழ்வை விட்டுக் குடும்பத்துடன் அங்கே குடியேறினார். கதர்ப் பணி, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்குப் பிரசாரம் ஆகியவை அங்கு நடைபெற்றன. ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்கு இதழும் அங்கிருந்தே வெளிவந்தது. கல்கி அதில் அவருக்குத் துணை நின்றார். 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கை அவர் முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது நம் சேலம் மாவட்டத்தில்தான். தாம் கண்ணால் கண்டு, நடந்து பழகிய ஊர்களில் திட்டத்தைச் சோதித்துப் பார்த்தார்.

இனி மறுபக்கத்தையும் சொல்லாவிடில் இக்கட்டுரை வெறும் புகழுரையாகிவிடும். 1953இல் முதலமைச்சராக இருந்தபோது, கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றொரு திட்டம் கொண்டுவந்தார். தம் கட்சியினரைக்கூட முன்னதாகக் கலந்துகொள்ளவில்லை. நெசவாளி மகன் தறியிலும், சலவைத் தொழிலாளி மகன் துறையிலுமே நிற்க வேண்டுமா என்று நாடே கேட்டது. ‘குலக்கல்வி’ என்று பெரியார் கடுமையாக எதிர்த்தார். 1954இல் இராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்த என்போன்றோருக்கு இது ஏட்டுச் செய்தி அன்று; அத்திட்டம் நிலைத்திருந்தால் நான் இன்று பூந்தோட்டத்தில் அரளி பறித்துக்கொண்டிருப்பேன். அத்தனை நுட்பமாகத் தம்மை ஆராய்ந்தவருக்கு இது ஏன் தெரியாமற் போயிற்று? தனியே அமர்ந்து எவ்வளவுதான் உள்நோக்கினாலும், பிறர் வாய்விட்டுச் சொன்னால் மட்டுமே தெரியவரும் பகுதி ஒன்று நம் எல்லோரிடமும் உண்டு என்றே நான் எண்ணுகிறேன். தம் மனச்சான்றில் அவர் கொண்டிருந்த உறுதியே, மாற்றுக்குரல் கேட்காதபடி செவியை அடைத்திருக்கலாம்.

ஆகவே நாட்டு நலப்பணித் திட்ட முகாமிற்குச் செல்லும் நம் மாணவத் தலைவர்களுக்கு ஒரு யோசனை. நாட்குறிப்பு எழுதுங்கள், ஆனால் இடப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். வலப்பக்கத்தை, உங்கள் கீழ் மண்வெட்டி பிடித்த நண்பன் எழுதட்டும்.