கதையின் ஓரத்தில் நிற்பவர்கள்

கதை ஒவ்வொன்றிலும் தலைமைப் பாத்திரம் உண்டு. துணைப் பாத்திரங்களும் உண்டு. துணைப் பாத்திரங்கள் சிறிது நேரம் தோன்றி, தம் பணி முடிந்ததும் மறைவர். ஆயினும், சில வேளைகளில் அவர்களே எம் உள்ளத்தில் நிலைத்துவிடுகின்றனர். கம்பராமாயணத்தில் குகனும் சடாயுவும் தோன்றும் பகுதிகள் சிறியன. அவர்களை மறந்தவர் எவருமிலர். எம் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் வீரசாகசச் சித்திரத் தொடர்களிலும் இதுவே நிகழ்கின்றது. அதன் காரணத்தை மூன்று எடுத்துக்காட்டுகள் கொண்டு ஆராய்வோம்.

1. ஹார்லி குவின்

'பற்மான்' என்னும் அமெரிக்கச் சித்திரத் தொடர் 1992 இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஜோக்கர் என்னும் கொடியவனுக்கு உதவியாளாக, எழுத்தாளர் போல் டினியும் ஓவியர் புரூஸ் டிம்மும் ஓர் அங்கத்துக்கெனப் படைத்த பாத்திரமே ஹார்லி குவின். ஊரே அஞ்சும் ஒருவனுடன் அஞ்சாது பகிடி பேசிய அவளது குரலும் சிரிப்பும் பார்ப்போரைக் கவர்ந்தன. அவள் மீண்டும் மீண்டும் அழைக்கப்பட்டாள். 1993 இல் சித்திரக்கதை நூலிலும் இடம்பெற்றாள். 2019 இல் அவள் பெயரிலேயே தனித்தொடர் வெளிவந்தது. எனினும் அவள் தீயவனுக்குத் துணைபோனவள். ஒரு பாத்திரத்தை விரும்புதல் வேறு, அதன் செயலைச் சரியெனக் கொள்ளல் வேறு என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

2. மோர்ப்

'எக்ஸ்-மென்' தொடரும் 1992 இல் ஆரம்பமாயிற்று. எவருடைய உருவத்தையும் எடுக்கவல்ல மோர்ப், தன் குழுவினரைச் சிரிக்க வைப்பவன். வீரர்களை எதிர்நோக்கும் ஆபத்து மெய்யானது என்று காட்டுவதற்காக, முதற் கதையிலேயே அவன் மாண்டதாகக் காட்டினர். அவனை இழந்து நண்பன் வோல்வரின் கொண்ட துயரைப் பார்வையாளரும் தமதாகக் கொண்டனர். அவர்களது அன்பே அவனை 1993 இல் மீண்டும் கதைக்குள் கொணர்ந்தது. 2024 இல் வெளிவந்த தொடர்ச்சியில் அவன் குழுவின் நிலையான உறுப்பினன்.

3. மிஸ்டர் பிரீஸ்

1959 இல் சித்திரக்கதையிற் பிறந்த இவன், பனிக்கருவி ஏந்திய சாதாரண கள்வனாகவே நெடுங்காலம் இருந்தான். 1992 இல் பற்மான் தொடரின் ஓர் அங்கம் அவனுக்கு ஒரு துயரை அளித்தது. தீரா நோயுற்ற மனைவியைக் காக்க முயன்ற விஞ்ஞானி அவன். அம்முயற்சி தடுக்கப்பட்டதனாலேயே வன்மம் கொண்டான். அரைமணி நேரத்துக்கும் குறைந்த அவ்வங்கத்தின் எழுத்துக்கு எம்மி விருது கிடைத்தது.

இம்மூவருக்கும் பொதுவானது யாது? தலைவன் இறுதியில் வெல்வான் என்பதை நாம் முன்னரே அறிவோம். சிறு பாத்திரத்துக்கு அவ்வுறுதி இல்லை. அடுத்த காட்சியில் அது இல்லாமலே போகலாம். ஆகவே அதனைக் கவலையோடு பார்க்கின்றோம். அதனைப் பற்றி ஆசிரியர் சொல்லாது விட்டவற்றை எம் கற்பனையால் நிரப்புகின்றோம். அவ்வாறு நிரப்பியதும் அப்பாத்திரம் எம்முடையதாகின்றது.

இந்த உறுதியின்மை எமக்குப் புதிதன்று. ஊரில் வகுப்பின் முன்னே நின்று கற்பித்த நாம், இங்கு அகதியாய் வந்து, தங்குவதற்கான அனுமதிக் கடிதத்தை எதிர்பார்த்திருந்த நாட்களில் பிறர் கதையின் ஓரத்திலேயே நின்றோம். எம் மாணவர் சிலரும் தத்தம் பாடசாலைகளில் அவ்வாறே நிற்கின்றனர். தன் பெயரைச் சரியாக உச்சரிப்பார் இல்லாத பிள்ளை, ஓரத்தில் நிற்கும் பாத்திரத்தை விரும்புவதில் வியப்பில்லை.

பெற்றோரே, "என்ன காட்டூன்!" என்று தொலைக்காட்சியை நிறுத்துமுன் சற்று அருகில் அமருங்கள். "உனக்கு யாரைப் பிடிக்கும்? ஏன்?" என்று தமிழிற் கேளுங்கள். பிள்ளை அப்பாத்திரத்தைப் பற்றிக் கூறுவதில் தன்னைப் பற்றியும் சிறிது கூறும்.

பயிற்சி

(அ) நீர் விரும்பும் துணைப் பாத்திரம் ஒன்றைப் பத்து வாக்கியங்களில் விவரிக்குக.
(ஆ) அப்பாத்திரம் இல்லாவிடின் கதை எவ்வாறு மாறும்?
(இ) உமது வகுப்பில் எவரும் பேசாத மாணவர் ஒருவருடன் பேசி, அவர் கூறியவற்றுள் ஒன்றை அவர் சம்மதத்துடன் எழுதுக.