மலையூர் ஒன்றின் மாண்பு

பிரான்சு நாட்டின் தென்நடுப் பகுதியில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில், லிஞோன் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் லெ ஷாம்போன். குளிர்காலத்தில் ‘பூர்ல்’ என்னும் வாடைக்காற்று பனியை வாரியிறைத்து வழிகளை மூடிவிடும். ஊரார் பெரும்பாலும் சீர்திருத்தக் கிறித்தவர். 1685-இல் பதினான்காம் லூயி மன்னன் வழிபாட்டுரிமையைப் பறித்தபின், மறைவிடங்களில் கூடித் தொழுதவர்களின் வழிவந்தோர் அவர்கள். ஒளிந்து வாழ்வோர் துயரை அவர்கட்கு எவரேனும் எடுத்துக்கூற வேண்டுமோ?

1942 ஆகஸ்டில், செருமானியர்க்கு இணங்கிய பிரெஞ்சு அரசின் காவலர், யூதர்களைப் பிடித்துச்செல்லப் பேருந்துகளுடன் வந்தனர். அவர்களைப்பற்றிய விவரம் தர மறுத்தார் போதகர் ஆந்திரே திரோக்மே. தேடப்பட்டோர் உழவர் வீடுகளிலும் காடுகளிலும் மறைந்தனர். 1943-இல், அவருடைய உறவினரும் ஆசிரியருமான தனியேல் திரோக்மே, தம் மாணவரோடு பிடிபட்டார். மறு ஆண்டு மைதானெக் முகாமில் மாண்டார். 1990-இல் இசுரேலின் யாத் வசெம் நிறுவனம் அவ்வூர் மக்கள் அனைவரையும் சிறப்பித்தது.