சேமிச்சுப் போவோம், கடனில்லாமத் திரும்புவோம்!
(அயர்லாந்து மக்களின் விடுமுறைப் பழக்கம் – இம்மாதப் பாடம்)



சமீபத்தில் ஒரு குழுக் கூட்டத்தில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓர் அக்கா, "பிள்ளைகளோடு சுற்றுலா போய்வர" என்று காரணம் எழுதியிருந்தார். உடனே இன்னொருவர், "ஊர் சுத்துறதுக்கெல்லாமா குழுவுல கடன் கொடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டார். அந்த அக்கா முகம் வாடிப்போச்சு. கேட்டது தப்பா, சரியா? இதற்கு அயர்லாந்து மக்களிடமிருந்து ஒரு பாடம் படிப்போம்.

ஓய்வும் உரிமைதான்

அயர்லாந்து ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் உள்ள சிறிய தீவு நாடு. 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 51 லட்சம். அங்கே 1939-ல் வந்த சட்டம் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு ஒரு வார விடுமுறை தந்தது. படிப்படியாகக் கூடி, 1997 சட்டப்படி அது 4 வாரம் ஆனது. ஓய்வு என்பது முதலாளி போடுகிற பிச்சை அல்ல; உழைத்தவரின் உரிமை.

மூன்று நாள் விடுமுறை

அங்கே ஆண்டுக்கு 10 அரசு விடுமுறை. அதில் பாதிக்கு மேல் திங்கட்கிழமையில்தான் வரும். சனி, ஞாயிறோடு சேர்ந்தால் மூன்று நாள் ஆச்சு! கில்கீ, டிராமோர் போன்ற கடற்கரை ஊர்களுக்குக் குடும்பமாகப் போய் இரண்டு ராத்திரி தங்கித் திரும்புவார்கள். 2023 முதல் புனித பிரிஜிட் என்ற பெண்மணியின் பெயரிலும் பிப்ரவரியில் ஒரு விடுமுறை சேர்ந்திருக்கிறது.

நீண்ட விடுமுறை என்றால் ஜூலை, ஆகஸ்ட். பள்ளிக்கூடம் லீவு. ஆனால் அயர்லாந்தில் கோடையிலும் மழை பெய்யும். அதனால் வெயில் தேடி ஸ்பெயின் நாட்டுக் கடற்கரைக்குப் போகிறவர்கள் ஏராளம். பள்ளி லீவில் விமானக் கட்டணம், அறை வாடகை எல்லாம் ஏறிவிடும். ஆகவே பல மாதம் முன்பே திட்டம் போட்டுப் பதிவு செய்கிறார்கள்.

காசு எங்கிருந்து?

இதுதான் நமக்கு முக்கியம். 1950-களில் அங்கேயும் ஏழைக் குடும்பங்கள் வட்டிக்காரர்களிடம் மாட்டித் தவித்தன. நோரா ஹெர்லிஹி என்ற பள்ளி ஆசிரியை நண்பர்களோடு சேர்ந்து, 1958-ல் டப்ளினில் 'கிரெடிட் யூனியன்' தொடங்கக் காரணமாக இருந்தார். ஒரே ஊர்க்காரர்கள் அல்லது ஒரே இடத்தில் வேலை செய்பவர்கள் சேர்ந்து சேமிப்பார்கள். அந்தப் பணத்திலிருந்தே கடன் பெறுவார்கள். நம்ம குழு மாதிரியேதான்! நூற்றுக்கு மாதம் ஒன்றுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று வெகுகாலம் சட்டமே இருந்தது. வீடு, படிப்பு, கல்யாணத்தோடு விடுமுறைக்கும் அங்கே கடன் உண்டு. யாரும் கேலி செய்வதில்லை.

ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. மாடு வாங்கிய கடனை மாடே அடைக்கும். சுற்றுலா மூன்று நாளில் முடிஞ்சுடும். தவணை மட்டும் கூடவே வரும். ஆகவே முதலில் சேமிப்பு, குறைகிற தொகைக்கு மட்டும் கடன், அடுத்த பயணத்துக்குள் பாக்கி தீர வேண்டும்.

அம்மாவுக்கு லீவு உண்டா?

செலவைக் குறைக்க வாடகை வீடு அல்லது கேரவன் எடுத்துச் சமைத்துக்கொள்ளும் குடும்பங்கள் அங்கே உண்டு. அங்கேயும் அம்மாதான் அடுப்படியில் நிற்பார் என்றால் அவருக்கு ஏது விடுமுறை? வேலையைப் பங்கு போட்டால்தான் எல்லோருக்கும் ஓய்வு.

அந்த அக்கா கேட்டது தப்பில்லை. "எவ்வளவு சேர்த்திருக்கீங்க, எத்தனை தவணையில் கட்டுவீங்க?" என்றுதான் நாம் கேட்டிருக்க வேண்டும்.

குழுவில் பேசுவோம்:

1. கடைசியாக நாம் வேலையில்லாமல் ஓய்வெடுத்த நாள் எது?
2. கோயில் பயணம், திருவிழாவுக்கு வெளியே வட்டிக்கு வாங்கி எத்தனை மாதம் கட்டினோம்?
3. அடுத்த பயணத்துக்கு வாரம் எவ்வளவு தனியாகச் சேர்க்கலாம்?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் சந்திப்போம்.