மிதிவண்டிச் சங்கிலிக்கு எந்த எண்ணெய்?

நமது கிராமங்களில் மோட்டார் சைக்கிள்கள் பெருகிவிட்ட இக்காலத்திலும் மிதிவண்டியின் உபயோகம் நின்றுவிடவில்லை. விடியற்காலையில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்திற்குச் செல்பவர், மண்வெட்டியுடன் வயலுக்குச் செல்லும் விவசாயி, அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில் மேல்நிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவி ஆகிய பலருக்கும் அதுவே வாகனம். பல ஊராட்சிகளில் மின்கல வண்டிகள் வந்துவிட்ட போதிலும், தூய்மைக் காவலர்கள் மிதித்துச் செல்லும் மூன்று சக்கர வண்டிகளும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இவை அனைத்திலும் காலின் உழைப்பைச் சக்கரத்திற்குக் கொண்டு சேர்ப்பது செயின் என்று நாம் வழங்கும் சங்கிலியே. அதற்கு எவ்வித எண்ணெய் இடுவது என்பது அற்பமான விஷயம் போலத் தோன்றக்கூடும். ஆனால் தேய்ந்த சங்கிலி, பாரத்துடன் மேட்டில் அழுத்தி மிதிக்கும் வேளையில்தான் பல்லை விட்டுத் தாவும். மிதிப்பவர் அப்போது நிலைகுலைந்து விழுகிறார். பின்னால் லாரியோ பேருந்தோ வருமாயின் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. துருப்பிடித்து இறுகிய சங்கிலியால் வண்டி சுவரோரம் சாய்க்கப்பட்டுவிட்டால், பேருந்து வசதி குறைந்த ஊரிலுள்ள மாணவிக்குப் பள்ளிக்கூடமே தொலைவாகிவிடுகிறது.

எண்ணெயைத் தெரிந்தெடுப்பதற்கு முன் சங்கிலியின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். சுவிட்சர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்து நாட்டு மாஞ்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880-ஆம் ஆண்டில் அமைத்த சங்கிலியின் வழி வந்ததே நாம் இன்று உபயோகிப்பது. ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் எஃகு ஆணி உண்டு. அந்த ஆணி புஷ் என்னும் சிறு குழாய்க்குள் திரும்புகிறது. குழாயின் மேல் ஓர் உருளை சுழல்கிறது. பற்சக்கரத்தின் பல்லில் அமர்வது இந்த உருளையே. ஒரு சங்கிலியில் இவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்ட மூட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மூட்டும் பல்லின் மீது ஏறும்போது ஒரு முறையும், இறங்கும்போது ஒரு முறையும் மடங்கி நிமிர்கிறது. தேய்மானம் நிகழும் இடம் ஆணிக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள அந்த உட்புறமே. கண்ணுக்குத் தெரியும் வெளித்தகடு பளபளவென்று எண்ணெயில் நனைந்திருப்பதால் மூட்டுக்கு யாதொரு பயனும் இல்லை. நம்மவர்கள் எண்ணெய் இடும் முறையில் காணப்படும் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையை மறந்ததால் ஏற்படுபவை.

“செயின் நீண்டுவிட்டது” என்று சொல்வது வழக்கம். உண்மையில் தகடுகள் இழுபட்டு நீளவில்லை. ஆணியும் குழாயும் மயிரிழை மயிரிழையாகத் தேய்ந்து, அத்தேய்மானம் நூறு மூட்டுகளிலும் கூடி நீளமாகத் தெரிகிறது. இதனை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடு வரை சரியாக அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் 12 அங்குலம் இருக்க வேண்டும். பிள்ளைகளின் அங்குல அளவுகோலைச் சங்கிலியின் மீது வைத்துப் பாருங்கள். 12 அங்குலத்திற்கு மேல் அரைக்கால் அங்குலம், அதாவது சுமார் 3 மில்லிமீட்டர், கூடியிருந்தால் சங்கிலியை மாற்றிவிட வேண்டும். பின் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து முடுக்கினால் தொய்வு மறையுமேயன்றித் தேய்மானம் மறையாது. நீண்ட சங்கிலியை விடாமல் ஓட்டினால் அது பற்சக்கரங்களையும் அரித்துவிடும். பிறகு புதுச் சங்கிலி மாட்டினாலும் பழைய பல்லில் பொருந்தாமல் தாவும். சங்கிலி ஒன்றுக்கு ஆக வேண்டிய செலவு பற்சக்கரங்களுக்கும் சேர்த்து ஆகிவிடுகிறது.

இத்தேய்மானத்திற்கு முதற் காரணம் மணல். மணலிலுள்ள குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் சாதாரண எஃகையும் கீறக்கூடியது. அது எண்ணெயுடன் கலந்தால், சாணை பிடிப்பவர் உபயோகிக்கும் அரைப்புக் குழம்பு போன்ற ஒரு பொருள் உண்டாகிறது. ஆகவே நமக்கு வேண்டிய எண்ணெய் இரண்டு நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும்: மூட்டின் உள்ளே நுழையும் அளவுக்கு நெகிழ்வாகவும், நுழைந்த பின் அங்கேயே தங்கும் அளவுக்குப் பிசுபிசுப்பாகவும் இருக்க வேண்டும். வெளியே மிஞ்சுவதைத் துடைத்துவிட வேண்டும்.

எண்ணெய் இட்டவுடன் வண்டி மிக எளிதாக ஓடும் என்று பலர் நம்புகின்றனர். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் என்னும் பேராசிரியர் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனைகளில், சுத்தமான சங்கிலி தனக்குக் கொடுக்கப்பட்ட சக்தியில் 98.6 சதவீதம் வரை சக்கரத்திற்குச் சேர்ப்பது தெரிய வந்தது. எண்ணெய் மாறுவதால் இந்த அளவு குறிப்பிடத்தக்கவாறு மாறவில்லை என்றும் அவர்கள் கண்டார்கள். ஆனால் அது ஆராய்ச்சிக்கூடம். அங்கே செம்மண் புழுதியும் ஐப்பசி மழையும் இல்லை. எண்ணெய்க்காக நாம் எடுத்துக்கொள்ளும் சிரமம் முக்கியமாகச் சங்கிலியின் ஆயுளுக்காகவும், துரு ஏறாமல் காப்பதற்காகவும் என்று கொள்வதே பொருத்தம்.

இனி, நமது ஊர்களில் வழக்கமாக இடப்படும் எண்ணெய்களைப் பார்ப்போம். அவற்றுள் முதலாவது, மோட்டார் சைக்கிள் அல்லது டிராக்டரிலிருந்து வடித்தெடுத்த பழைய என்ஜின் ஆயில். காசின்றிக் கிடைக்கிறது, கருமையாகக் கெட்டியாக இருக்கிறது என்பதால் இதற்கு நல்ல பெயர் உண்டு. நான் இதனை அடியோடு வேண்டாம் என்பேன். என்ஜினில் நீண்ட காலம் உழைத்த அந்த எண்ணெயில் கரிப்புகை, உலோகத் துகள்கள், அமிலங்கள் ஆகியவை கலந்துள்ளன. எந்தத் துகள் மூட்டுக்குள் போகக்கூடாது என்கிறோமோ அதனை நாமே சொட்டுச் சொட்டாக உள்ளே விடுகிறோம். அதைவிடப் பெரிய ஆட்சேபம் உடல்நலம் பற்றியது. தோலில் நெடுங்காலம் பட்டால் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருள்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. அப்பாவின் வண்டிக்கு எண்ணெய் போடும் வேலை பெரும்பாலும் பத்து வயதுச் சிறுவனிடம் வந்து சேர்கிறது. அவன் கையை நன்றாகக் கழுவுவதுமில்லை. அன்றியும், 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி பழைய எண்ணெய் அபாயகரமான கழிவாகும். அதனைக் கைப்பம்பு அருகிலோ வாய்க்காலிலோ ஊற்றுவது குடிதண்ணீரைக் கெடுப்பதாகும்.

அடுத்தது சமையலறை எண்ணெய்கள். தேங்காய் எண்ணெய் அவசரத்திற்குக் குற்றமில்லை. ஆனால் ஏறக்குறைய 24 டிகிரி வெப்பத்திற்குக் கீழே அது உறைந்துவிடும். மார்கழிக் காலையிலும், ஏற்காடு, நீலகிரி போன்ற மலைப்பகுதிகளிலும் அது குப்பியிலேயே வெண்ணெய் போல் நின்றுவிடும். மழைநீருக்கும் அது ஈடுகொடுப்பதில்லை. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை காற்றுப் பட்டு நாளடைவில் பிசின் போலாகி உருளைகளை ஒட்டவைத்துவிடும். இங்கே பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்த மசகைத்தானே மாட்டு வண்டி அச்சுக்குத் தலைமுறை தலைமுறையாக இட்டு வந்தோம், அது இதற்கு ஆகாதா என்பார்கள். விளக்கெண்ணெய் இழிவான பொருளன்று. முதல் உலகப் போரில் பறந்த பல விமானங்களின் சுழல் என்ஜின்களுக்கு அதுவே மசகெண்ணெய். ஆயினும் வண்டி அச்சு பருத்தது, மெதுவாகச் சுற்றுவது, பழைய மசகை வழித்தெறிந்து புதிதாக அப்ப இடமுள்ளது. சங்கிலி மூட்டின் இடைவெளியோ தாள் நுழையும் அளவும் இராது. அதற்குள் குழைவு புகாது. விளக்கெண்ணெயைத் தனியாக இட்டாலும் சில மாதங்களில் தடித்து அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

கிரீஸ் பற்றியும் இதே தீர்ப்புத்தான். ஆனால் புதுச் சங்கிலியில் தொழிற்சாலையார் இட்டிருக்கும் மசகு வேறு. அது உள்ளேயும் புகுந்து நிற்கிறது. புதிதாக வாங்கிய சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி மாட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்த நல்ல மசகை அவ்வாறு கழுவி எறிவது வீண்செயல். மண்ணெண்ணெயும் டீசலும் அழுக்கை இளக்கப் பயன்படுமே தவிர மசகாகமாட்டா. அவற்றை இட்டுவிட்டு வண்டி சத்தமின்றி ஓடுகிறதே என்று மகிழ்பவர், இருந்த எண்ணெயையும் கரைத்துவிட்டார். பெட்ரோலால் கழுவுவது தீ விபத்துக்கு வழி.

தையல் மெஷின் எண்ணெய் மிக நெகிழ்வானது. உடனே உள்ளே போகும், உடனே வெளியேறியும் விடும். வாரந்தோறும் இட முடிந்தவருக்கு வெயிற்காலத்தில் அது போதும்.

என் சிபாரிசு என்னவெனில், பொதுவான உபயோகத்திற்கு மோட்டார் சைக்கிளுக்கு வாங்கும் புதிய என்ஜின் ஆயில், 20டபிள்யூ-40 என்று குறித்திருப்பதே ஏற்றது. இதற்கென்று தனியாக வாங்க வேண்டுவதில்லை. மோட்டார் சைக்கிளுக்கு ஆயில் மாற்றியபின் புதிய டப்பாவின் அடியில் தங்குவதை ஒரு சிறு குப்பியில் வடித்து வைத்தால் ஒரு மிதிவண்டிக்கு மாதக் கணக்கில் வரும். ஒரு முறைக்கு வேண்டியது ஒரு தேக்கரண்டிதான். தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும், வேதாரண்யம், தூத்துக்குடி, மரக்காணம் போன்ற உப்பளக் கரையோரங்களில் ஆண்டு முழுவதும், சற்றுக் கெட்டியான எண்ணெய் வேண்டும். டிராக்டருக்கும் லாரிக்கும் விற்கும் 90 எண் கியர் ஆயில் நீரில் எளிதாகக் கழுவப்படாது. உப்புக்காற்று உலோகத்தைத் தொடாமல் காக்கும். குளிர்காலத்தில் அது உள்ளே இறங்கத் தாமதிக்குமாதலால், குப்பியைச் சிறிது நேரம் வெயிலில் வைத்து இடுவது நல்லது.

திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்துத் தேரி மணலில் கதை மாறுகிறது. அங்கே கெட்டியான எண்ணெய் மணலை அழைத்து வைத்துக்கொள்ளும். குறைவாக இட்டு, வறட்டுத் துணி வரும்வரை துடைப்பதே வழி. மேல்நாட்டுப் பந்தய வீரர்கள் எண்ணெயை விட்டுப் பாரஃபின் மெழுகை நாடுவது இப்போது அதிகரித்து வருகிறது. சங்கிலியைக் கழற்றி எண்ணெய்ப் பசை முற்றிலும் போகக் கழுவி உலர்த்தி, உருகிய மெழுகில் அமிழ்த்தி, குமிழிகள் அடங்கியபின் தொங்கவிடுவார்கள். ஆறியபின் கையில் கறை ஒட்டாது, மணலும் ஒட்டாது. ஆனால் இது பொறுமையுள்ளவர் வேலை. மெழுகைக் கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்த மற்றொரு பாத்திரத்தில்தான் உருக்க வேண்டும். அடுப்பின் மீது நேராக வைத்தால் தீப்பற்றும். மழை பிடித்துவிட்டால் மெழுகிட்ட சங்கிலி விரைவில் துருவேறும். ஆகையால் இதனை எல்லோருக்கும் சொல்ல எனக்கு மனமில்லை.

எண்ணெயைத் தெரிந்தெடுத்தால் மட்டும் போதாது. இடும் விதமும் உண்டு. மண்ணெண்ணெய் தொட்ட துணியாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் அழுக்கை நீக்கி உலரவிடுங்கள். பெடலைப் பின்புறமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டே, சங்கிலியின் கீழ்ப்பகுதியில், ஒவ்வோர் உருளையின் மேலும் ஒரு சொட்டு விடுங்கள். பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, இயன்றால் ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் வெளிப்புறத்தை அழுத்தித் துடையுங்கள். துணியைப் பற்சக்கரத்தின் அருகே கொண்டு போகலாகாது. விரல் உள்ளே இழுக்கப்பட்டு நசுங்கிவிடும். பின் சக்கரத்து வளையத்தில் எண்ணெய் சொட்டினால் பிரேக் பிடிக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சாலையில் ஓடும் வண்டிக்கு மாதம் ஒரு முறையும், மழையில் நனைந்தபோதெல்லாம் மறுநாளும் இட்டால் போதுமானது. ஒரு சங்கிலி “கிறீச்” என்று கத்தத் தொடங்குமுன் உள்ளே பல நாட்களாக எண்ணெய் வற்றியிருக்கும்.

பெண்களுக்கான வண்டிகளில் சங்கிலியை முழுதும் மூடிய பெட்டி இருப்பதுண்டு. பாவாடையையும் சேலையையும் காப்பதோடு புழுதியையும் அது தடுக்கிறது. ஆனால் சங்கிலி கண்ணில் படாததால் யாருமே எண்ணெய் இடுவதில்லை. இம்மூடியைக் கழற்றிப் பார்க்கும்போது, வெளியே வண்ணம் மங்காத புது வண்டியினுள் செம்பழுப்பான துருக்கயிறு ஒன்றை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

தூய்மைக் காவலர்களின் மூன்று சக்கர வண்டிகள் பற்றி ஊராட்சி உறுப்பினர்கள் தனியாகக் கவனம் செலுத்துதல் நலம். அவற்றின் சங்கிலி மனிதரை மட்டுமன்றிக் குப்பைப் பாரத்தையும் இழுக்கிறது. ஈரக் குப்பையின் நீரும் அதன் மீது வடிகிறது. பொதுச் சொத்து என்பதால் எண்ணெய் இடுவது எவருடைய வேலையும் இல்லை என்ற நிலை ஏற்பட்டுவிடுகிறது. இறுகிய சங்கிலியின் பாரம் முழுவதும் மிதிப்பவர் முழங்காலில்தான் விழும். வண்டி நிறுத்துமிடத்தில் ஓர் எண்ணெய்க் குப்பியும் துடைக்கும் துணியும் தொங்கவிட்டு, ஒவ்வொரு வண்டிக்கும் எண்ணெய் இட்ட தேதியைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதி வரச் செய்யலாம். ஊரில் மோட்டார் பழுது பார்க்கும் கடைகளில் வடியும் பழைய எண்ணெயை மூடிய டின்னில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் ஒப்படைக்குமாறு அக்கடைக்காரர்களிடம் எடுத்துச் சொல்வதும் மன்றத்தின் அதிகாரத்திற்கு உட்பட்ட காரியமே.

சங்கிலியைக் கழற்றி மாட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைப்புக் கண்ணியின் மேல் வரும் சிறு வில் போன்ற லாக்கின் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையில் முன்னோக்கி இருக்க வேண்டும். பிளந்த முனை பின்னால் இருக்க வேண்டும். மாறாக மாட்டினால், எதிலாவது உரசியவுடன் லாக் தெறித்துவிடும்.